ஒரு பிள்ளையும் நான்கு பதிவேடுகளும்

ஒரு மாணவி பாடசாலைக்கு வராத நாளில் வரவு இடாப்பில் ஒரு சைபர் விழும். அவளுடைய தம்பிக்கு நிறை கூடவில்லை என்பது குடும்பநல உத்தியோகத்தரின் பதிவில் இருக்கும். தகப்பன் இல்லாத வீடு என்பதைக் கிராம அலுவலர் அறிவார். வீட்டுக் கடன் சமுர்த்தி உத்தியோகத்தருக்குத் தெரியும். நான்கு பதிவேடுகளிலும் அந்த வீடு இருக்கிறது. ஆனால், அப்பிள்ளையின் நிலையை முழுமையாக அறிந்தவர் எவருமில்லை.

ஏ-9 வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரியும் பரந்தனில் சில வருடங்கள் ஆசிரியையாக இருந்தேன். போரில் இடம்பெயர்ந்து, 2009இன் பின் மீளக்குடியேறிய குடும்பங்கள் அங்கு பல. அறுவடைக் காலத்தில் என் வகுப்பில் ஒரு மாணவியின் வரவு தொடர்ந்து குறைந்தது. குடும்பநல உத்தியோகத்தருடன் பேசியபோதுதான் காரணம் விளங்கியது. தாய் விடியற்காலையில் கூலிவேலைக்குப் போக, மூன்று வயதுத் தம்பியை அக்காதான் பார்த்துக்கொண்டாள். இதற்கு எச்சரிக்கைக் கடிதம் மருந்தாகாது. தம்பிக்கு முன்பள்ளியில் இடம் கிடைத்ததும் அக்கா வகுப்புக்கு வந்தாள். பாடசாலையின் பிரச்சினைக்குத் தீர்வு பாடசாலைக்கு வெளியே இருந்தது.

இவ்வாறு பலர் சேர்ந்து இயங்குவதற்கு நம் நாட்டில் ஒழுங்குகள் உண்டு. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை உருவானது. பிரதேச செயலகங்களில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர்கள் பணியாற்றுகின்றனர். நன்னடத்தை உத்தியோகத்தர்களும், பொலிஸில் சிறுவர், பெண்கள் பணியகமும் உள்ளன.

ஆனால் அலுவலகங்கள் இருப்பது மட்டும் போதாது. 2000ஆம் ஆண்டு லண்டனில் விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி, பொறுப்பேற்றிருந்த உறவினரின் கொடுமையால் இறந்தாள். வைத்தியசாலை, பொலிஸ், சமூக சேவைப் பிரிவு எல்லாம் அவளை அறிந்திருந்தன. அவளைக் காப்பாற்றக் குறைந்தது 12 சந்தர்ப்பங்கள் தவறவிடப்பட்டன என்று லேமிங் பிரபுவின் விசாரணை கண்டது. அதன்பின் வந்த 2004ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம் அங்கு ஒத்துழைப்பைக் கடமையாக்கியது.

தகவலைப் பகிர்வது வேறு, ஊருக்குப் பரப்புவது வேறு. பிள்ளையின் மானம் காக்கப்பட வேண்டும். உதவக்கூடியவருக்கு, உதவிக்குத் தேவையான அளவே சொல்ல வேண்டும். எந்தக் கூட்டமும் யார், எதை, எந்த நாளுக்குள் செய்வார் என்று முடிவுசெய்த பின்பே கலைய வேண்டும்.

மாணவிகளே, தோழி ஒருத்தி துன்பப்படுவதை அறிந்தால் நம்பிக்கையான ஆசிரியையிடம் சொல்லுங்கள். பெற்றோரே, 1929 என்ற இலக்கத்தை வீட்டில் எழுதி வையுங்கள். நீங்கள் சொல்லும் ஒரு செய்தி, நான்கு பதிவேடுகளையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரக்கூடும்.