நரி வரும் என்று நினைத்தே கட்டுங்கள்

சிட்னியிலும் மெல்பர்னிலும் வீட்டின் பின்பக்கம் நாலைந்து கோழி வளர்க்க ஆசைப்படும் நம்மவர்கள், கூட்டுக்குத்தான் பணத்தைக் கொட்டுகிறார்கள். கோழிகள் பகலெல்லாம் உலாவும் கம்பிவலை அடைப்பு பெயருக்கு நிற்கிறது. இதை அப்படியே மாற்றிச் செய்யுங்கள். முட்டையிட ஒரு பழைய மரப்பெட்டி போதும். அடைப்பின் அடிப்பகுதிதான் உறுதியாக இருக்க வேண்டும். ஊரில் பஞ்சாரத்தைக் கவிழ்த்துக் கல்லை ஏற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம், இங்கே முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேட்டையாடி மகிழ்வதற்காக விக்டோரியாவில் கொண்டுவந்து விடப்பட்ட செந்நரி, இன்று இரு நகரங்களின் ஓடைக்கரைகளிலும் ரயில்பாதை ஓரங்களிலும் குடியிருக்கிறது. உள்ளே புகுந்தால் ஒன்றோடு நிறுத்தாது, அகப்பட்டதையெல்லாம் கடித்துப் போட்டுவிடும்.

செய்ய வேண்டியவை

விதியைப் பார்த்துவிட்டு இடம் குறியுங்கள். நியூ சவுத் வேல்ஸில் குடியிருப்புப் பகுதிகளில் தனி அனுமதி இல்லாமல் கட்டலாம். ஆனால் கூடு 15 சதுர மீட்டருக்குள், 3 மீட்டர் உயரத்துக்குள், பின்பக்கத்தில் இருக்க வேண்டும். எல்லை வேலியிலிருந்து 3 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கோழிகள் பத்துக்கு மேல் கூடாது. எந்த வீட்டிலிருந்தும் 4.5 மீட்டர் தூரம் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் சுவரும் இந்தக் கணக்கில் சேரும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: கூடு வீட்டிலிருந்து 15.2 மீட்டருக்குள் இருந்தால், கோழி அடையும் கொம்புக்குக் கீழே கான்கிரீட் போன்ற கெட்டித் தரை போட வேண்டும். நம் கொல்லைகளின் அளவுக்கு இது ஏறக்குறைய எல்லோருக்கும் பொருந்தும். விக்டோரியாவில் கவுன்சிலுக்குக் கவுன்சில் விதி வேறு. போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். வாடகை வீடு என்றால் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

அடிவலையை வெளிப்பக்கமாக மடக்கி விரியுங்கள். முழு வேலையிலும் முக்கியமானது இதுதான். பற்றவைத்த கம்பிவலையை, 12 மில்லிமீட்டர் கண் உள்ளதாக, வாங்குங்கள். எலியும் சிறு பாம்பும் நுழையச் சிரமப்படும். சுவர்வலை தரையைத் தொடும் இடத்தில், அரை மீட்டர் அகல வலையை வெளிப்பக்கமாகத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து, சுவர்வலையோடு கம்பியால் கட்டுங்கள். இரும்பு முளைகளை நெருக்கமாக அடித்து இறுக்குங்கள். நரி எப்போதும் சுவரின் காலடியில்தான் பறிக்கத் தொடங்கும். நகத்தில் வலை தட்டுப்பட்டால் அங்கேயே கொஞ்சம் இடம் மாறிப் பறிக்குமே தவிர, அரை மீட்டர் பின்னால் போய்ச் சுரங்கம் போட அதற்குத் தோன்றுவதில்லை. ஆழமாகக் குழி வெட்டி வலையைப் புதைப்பதைவிட இது எளிது, முதுகுக்கும் நல்லது. மேல்பக்கத்தையும் மூடுங்கள். ஆறடி வேலி நரிக்கு ஒரு தடையே இல்லை.

மண்ணைச் சோதியுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் இதைத் தள்ளிப் போடவே கூடாது. பழைய வீடுகளின் ஈயப் பெயின்ட், 2002 வரை விற்ற ஈயம் கலந்த பெட்ரோல் எல்லாம் உள்நகர்ப் பகுதிகளின் மண்ணில் இன்னும் தங்கியிருக்கின்றன. கோழி நாள் முழுக்க மண்ணைக் கிளறித் தின்னும். ஈயம் முட்டைக்குப் போய்விடும். சிட்னியின் 55 வீடுகளில் செய்து 2022இல் வெளியான ஆய்வில், வீட்டு முட்டையின் ஈயம் கடை முட்டையைவிடச் சராசரியாக 40 மடங்கு கூடுதலாக இருந்தது. வீட்டுத் தோட்ட மண்ணுக்கான ஆஸ்திரேலிய வரம்பு கிலோவுக்கு 300 மில்லிகிராம். முட்டை பாதுகாப்பாக இருக்க 117க்குக் கீழே இருக்க வேண்டும் என்றது அதே ஆய்வு. மக்வாரி பல்கலைக்கழகம் 2013இல் தொடங்கிய வெஜிசேஃப் திட்டம் பொதுமக்களின் தோட்ட மண்ணைச் சோதித்துச் சொல்கிறது. அளவு கூடுதல் என்றால் அடைப்பை இடம் மாற்றுங்கள். இடமில்லையென்றால் பழைய மண்ணை எடுத்துவிட்டுச் சுத்தமான மண்ணைக் கனமாகப் போடுங்கள்.

வடக்கைத் திறந்து மேற்கை அடைத்துவிடுங்கள். இங்கே மதியச் சூரியன் வடக்கே நிற்கிறது. குளிர்காலத்து இளவெயில் அந்தப் பக்கமாகத்தான் உள்ளே வரும். மெல்பர்னின் குளிர்காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும். வெயிலையும் லேசாக நினைக்காதீர்கள்: 2009 பிப்ரவரி 7 அன்று மெல்பர்னில் 46.4 டிகிரி, 2020 ஜனவரி 4 அன்று சிட்னியின் பென்ரித்தில் 48.9. கோழிக்கு வியர்க்காது, வாயைப் பிளந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். தகரக் கூரை போட்டால் மேலே நிழல்துணி கட்டுங்கள். தண்ணீரை இரண்டு இடத்தில் வையுங்கள்.

தூணுக்குக் குழி வெட்டும் முன் ‘பிஃபோர் யூ டிக் ஆஸ்திரேலியா’வில் விவரம் கேளுங்கள். கேஸ் குழாயும் மின்கம்பியும் எங்கே போகின்றன என்ற வரைபடம் இலவசமாகக் கிடைக்கும்.

செய்யக்கூடாதவை

அறுகோணக் கண் வைத்த மெல்லிய கோழிவலையை வெளிச்சுவருக்குப் போடாதீர்கள். அது கோழியை உள்ளே நிறுத்தும், நரியின் பல்லுக்குத் தாங்காது.

யாரோ தெருவோரம் போட்டுவிட்டுப் போன பழைய ஸ்லீப்பர் கட்டைகளை ஆசைப்பட்டுத் தூக்கிவராதீர்கள். பலவற்றில் ஆர்செனிக் கலந்த மருந்து ஏற்றியிருப்பார்கள். விளையாட்டுத் திடல்களிலும் வீட்டு மரத்தளங்களிலும் அந்த மரத்தைப் பயன்படுத்த 2006இலேயே கட்டுப்பாடு வந்துவிட்டது. கோழி அதன் காலடியில்தான் புழுதிக் குளியல் போடும்.

வெட்டிய கம்பித்துண்டு ஒன்றைக்கூடத் தரையில் விடாதீர்கள். பளபளப்பதையெல்லாம் கோழி கொத்தி விழுங்கும்; துத்தநாகம் பூசிய கம்பி உள்ளே போனால் விஷம். வேலை முடிந்ததும் காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரை முழுக்க இழுங்கள்.

குனிந்து நுழையும் உயரத்தில் கட்டாதீர்கள். நிமிர்ந்து நிற்க முடியாத மூலையை யாரும் கூட்டுவதில்லை. கதவுக்கு வெறும் கொக்கி போதாது, தாழ்ப்பாள் போடுங்கள்.

சேவல் வாங்காதீர்கள். முட்டைக்குச் சேவல் தேவையில்லை. பல கவுன்சில்கள் தடுக்கும். தடுக்காத இடத்திலும் அதிகாலை நாலு மணிக்கு அக்கம்பக்கத்து உறவு கெட்டுவிடும்.

தீவனத்தைத் திறந்தவெளியில் வைக்காதீர்கள். எலி வரும், காட்டுப் பறவைகளும் வரும், அவற்றோடு நோயும் வரலாம். 2024 மே மாதம் விக்டோரியப் பண்ணைகளிலும், ஜூனில் சிட்னியை ஒட்டிய ஹாக்ஸ்பரியிலும் எச்7 பறவைக் காய்ச்சல் பரவியது. கோழிகள் திடீரென்று அடுத்தடுத்துச் செத்தால் புதைத்துவிட்டுப் பேசாமல் இருக்காதீர்கள்; விலங்கு நோய்களுக்கான 1800 675 888 என்ற அவசர எண்ணில் தெரிவியுங்கள்.

கோழியை முதலில் வாங்கிவந்து, அடிவலையை அடுத்த வாரம் போடலாம் என்று இருக்காதீர்கள். வலைக்கண்கள் வழியே புல் முளைத்து அதைத் தரையோடு பிடித்துக்கொள்ளச் சில வாரங்களாகும். அதுவரை ஓரத்தில் செங்கல் அடுக்கி வையுங்கள்.