பொறியும் நம் வாழ்வும்

தமிழில் ‘பொறி’ என்னும் சொல்லுக்குப் பல பொருள்கள் உண்டு. மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் ஐந்தையும் ஐம்பொறி என்கிறோம். இயந்திரத்தையும் பொறி என்கிறோம். எலியைப் பிடிக்க வைப்பதும் பொறியே. கருவி நம் உறுப்புக்குத் துணையாக நின்று உதவுவதும் உண்டு. நம்மைப் பிடித்து அடைத்து வைப்பதும் உண்டு. எப்போது அது துணையாகிறது, எப்போது கண்ணியாகிறது என்பதைக் களக்காட்டு வட்டாரத்தையும் தாமிரபரணிக் கரையையும் சான்றாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீரும் பொறியும்

தொழில்நுட்பம் என்றவுடன் மின்சாரமும் கணினியுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் தாமிரபரணியின் குறுக்கே உள்ள 8 அணைக்கட்டுகளில் 7 ஆங்கிலேயர் ஆட்சிக்கு முற்பட்டவை. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு மட்டுமே 19-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. நிலத்தின் சரிவை அறிந்து ஆற்று நீரைக் கால்வாயில் திருப்பிய அக்கலை உயர்ந்த தொழில்நுட்பமே. அது ஊராரை ஒன்றுசேர்க்கவும் செய்தது. கால்வாயைத் தூர்வாரப் பலர் கூட வேண்டும். கடைமடைக்கு நீர் சேர முறை வைத்துக்கொள்ள வேண்டும்.

1880-களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் நீர்விசையால் ஓடும் நூற்பாலையை நிறுவினர். 1944-இல் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. பின்னர் மின்சாரம் வயலுக்கு வந்தது. கமலை இறைத்து ஓய்ந்த உழவனுக்கும் மாட்டுக்கும் பம்புசெட்டு அளித்த விடுதலையைக் குறைத்து மதிப்பிடலாகாது. களக்காட்டின் வாழைத் தோட்டங்கள் பல அதன் துணையால் தழைத்தவை. ஆயினும் மறுபக்கமும் உண்டு. அணைக்கட்டு நீர் பலருக்கும் பொது. கிணற்று மோட்டாரோ ஒருவனுக்கே உரியது. ஒருவன் கிணற்றை ஆழப்படுத்தினால் அடுத்தவன் கிணறு வற்றுகிறது, அவனும் ஆழப்படுத்துகிறான். நிலத்தடி நீர் இருவருக்கும் எட்டாமல் கீழே போகிறது.

தொழிலில் நேர்ந்த மாற்றம்

களக்காட்டுக்கு வடக்கே உள்ள பத்தமடையின் கோரைப் பாய் உலகறிந்தது. கோரையை ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்து, கையால் நெய்யும் நேர்த்தியான பாய் ஒன்றை முடிக்கப் பல நாட்கள் ஆகும். அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. ஆனால் வீட்டில் படுக்க விரிக்கும் சாதாரணப் பாயின் இடத்தைப் பிளாஸ்டிக் பாய் பிடித்துக்கொண்டது. பரிசுப் பொருளுக்குப் பெருமை நிலைத்தது. அன்றாடப் பொருளுக்குச் சந்தை சுருங்கியது. தொழில் வாழ வேண்டுமானால் விருது மட்டும் போதாது, வாங்குவோரும் வேண்டும்.

வயலில் அறுவடை இயந்திரம் இறங்கியதும் அத்தகையதே. அரிவாள் பிடித்துக் குனிந்து அறுத்த பெண்களின் முதுகுவலி நீங்கியது. கூடவே கூலியும் நீங்கியது. ‘ஆள் கிடைக்கவில்லை’ என்கிறார் நிலமுடையவர். ‘வேலை கிடைக்கவில்லை’ என்கிறார் கூலியாள். இரண்டும் உண்மையே. அறுவடை நாளில் ஆள் போதவில்லை. ஆண்டின் ஏனைய நாட்களில் வேலை போதவில்லை.

வழிபாட்டில்

களக்காடு சத்தியவாகீசுவரர் கோயிலிலும் நெல்லையப்பர் கோயிலிலும் தட்டினால் இசைக்கும் கற்றூண்களைக் காணலாம். கல்லிலும் ஓசையைக் கண்ட கைகள் நம் முன்னோருடையவை. இன்றோ பல கோயில்களில் பூசை வேளையில் ஒரு பொத்தானை அழுத்தினால் மின்முரசு தானே முழங்குகிறது. மேளக்காரருக்கு ஊதியம் தர வருமானமற்ற சிறு கோயிலுக்கு அது உதவியே என்பர். அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் இங்கே யாருடைய துன்பம் தீர்ந்தது? முரசறைதல் எவருக்கும் துன்பமாக இருந்ததில்லை. பலருக்கு அது பிழைப்பாகவும் சிலருக்குப் பேறாகவும் இருந்தது.

இதற்கு மாறான சான்று திருவாரூர் ஆழித்தேர். திருச்சி பாரத மிகுமின் நிறுவனம் அத்தேருக்கு இரும்பு அச்சும் சக்கரமும் நீரியல் தடையும் அமைத்துத் தந்தது. அவ்வளவு பெரிய தேரை நினைத்த இடத்தில் நிறுத்த முடிவதால் ஆபத்து குறைந்தது. வடமோ இன்றும் மக்கள் கையில்தான் இருக்கிறது. ஆபத்தைப் பொறி ஏற்றுக்கொண்டது. பங்கேற்பை மனிதனுக்கே விட்டுவிட்டது.

இல்லத்தில்

அம்மியும் ஆட்டுரலும் அழகென்று பாடுவோர் பெரும்பாலும் அரைத்தவர் அல்லர். 2011-இல் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கத் தொடங்கியபோது, ஏழைப் பெண்களின் நாளில் சில மணி நேரம் மிஞ்சியது. கைபேசி வந்தபின் வாழைக்குலையின் சந்தை விலையைத் தோட்டத்தில் நின்றே அறியலாம். அதே கைபேசி ஒரே திண்ணையில் அமர்ந்த நால்வரை நான்கு திசையில் பிரித்தும் விடுகிறது.

முடிவுரை

எனவே ‘இயந்திரம் நன்றா, தீதா’ என்ற பட்டிமன்றக் கேள்வி நமக்கு உதவாது. ஒவ்வொரு பொறியிடமும் இரண்டு கேள்விகள் கேட்போம். யாருடைய துன்பத்தை இது நீக்கியது? யாருடைய இடத்தை இது எடுத்துக்கொண்டது? மிக்சி முதல் கேள்விக்கு விடை சொல்கிறது. மின்முரசால் சொல்ல இயலவில்லை. அறுவடை இயந்திரம் இரண்டுக்கும் விடை சொல்கிறது. ஆகவே அதன் ஊதியத்தில் வேலையிழந்தவருக்கும் பங்கு தேடித் தருவது சமுதாயத்தின் கடமை.

மாணவராகிய நாம் செய்யக்கூடிய சிறு செயல் ஒன்றும் உண்டு. நம் ஊர்க் கோயிலில் மின்முரசு ஒலிக்குமாயின், மாலை வேளையில் இருவர் சென்று மணியையும் முரசையும் கையால் ஒலிக்க அனுமதி கேட்கலாம். ஊரில் மேளம் அறிந்த முதியவர் இருந்தால் அவரிடமே முறையாகக் கற்கலாம். கற்றுத் தருபவருக்கு ஊரார் சிறு தொகையும் அளிக்கலாம். மின்சாரம் நின்ற நாளிலும் அந்தக் கோயிலில் ஓசை நிற்காது.