திறந்த மூல நிரல்: குறை கூறும் முறை

கோலார் தங்கச் சுரங்கத்தில், சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில், 1980-இல் 140 டன் எடையுள்ள ஆய்வுக் கருவி ஒன்று இயங்கத் தொடங்கியது. புரோட்டான் சிதைவாக இருக்கலாம் எனத் தோன்றிய சில நிகழ்வுகளை ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அமைந்த பெரிய கருவிகள் அதனை உறுதி செய்யவில்லை. வெளியிட்டமையால்தான் பிறர் சோதிக்க முடிந்தது.

நிரலைப் பகிர்வதன் பயனும் இதுவே ஆகும். ஆனால் எவரும் படிக்கலாம் என்பதனால், எவரேனும் படித்துவிட்டனர் என்று ஆகாது. ஓபன்எஸ்எஸ்எல் நிரலில் 2012-இல் வெளிவந்த 'ஹார்ட்பிளீட்' பிழை 2014 வரை அறியப்படவில்லை. தரவின் நீளத்தைச் சரிபார்க்கும் ஒரு சோதனை விடுபட்டதே காரணம்.

குறை கூறுவோர் மூன்றினைக் கருத்தில் கொள்ளல் வேண்டும். எழுதியவரை அன்று, வரியைச் சுட்டுக. பிழையை உண்டாக்கும் உள்ளீட்டையும் எதிர்பார்த்த விடையையும் தருக. இயன்றால் திருத்தத்தையும் அதற்கான சோதனையையும் இணைத்திடுக. "இது தவறு" என்பது தீர்ப்பு; "உள்ளீடு வெறுமையாயின் இவ்வரியில் நின்றுவிடுகிறது" என்பது உதவி.

மத்திய அரசு 2015-இல் திறந்த மூல மென்பொருள் கொள்கையை வெளியிட்டது. அத்தகைய நிரலைக் கையாளும் அலுவலகங்கள், பிறர் நிரலைப் படித்துச் சரிபார்ப்பதையும் பணி நேரமாகவே கணக்கிடுதல் வேண்டும்.