கட்டளைக்குக் கீழ்ப்படிந்தேன் என்பது பதிலாகுமா?

"தலைவர் சொன்னார், நான் செய்தேன், பாவம் அவரைச் சாரும்" என்று ஒருவர் கூறினால் அது செல்லுமா? படித்தவர்களிடமும் தடுமாற்றம் காணப்படும் மஸ்அலா இது. உலகறிந்த ஒரு வழக்கை முன்வைத்து இதனைச் சிந்திப்போம்.

சார்லஸ் மேன்சன் என்பவன் வாழ்நாளில் பாதிக்கு மேல் சிறைகளிலும் சீர்திருத்த இல்லங்களிலும் கழித்து 1967ல் வெளிவந்தான். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இளம் வயதினரை, பெரும்பாலும் பெண்களை, தன்னிடம் சேர்த்துக்கொண்டான். தன்னை ஏசுவைப் போல் காட்டிக்கொண்டான். இனப்போர் மூளப்போகிறது, தன்னோடு இருப்பவரே தப்புவர் என்று போதித்தான். எல்.எஸ்.டி. என்னும் போதைப்பொருள் எஞ்சியிருந்த அறிவையும் மழுக்கியது. பாட்ரீசியா கிரென்விங்கல் இன்சூரன்ஸ் அலுவலக வேலையை உதறிவிட்டு வந்தவர். லெஸ்லி வான் ஹூட்டன் மாதா கோயிலில் பாடிய பெண். பிறவியிலேயே கொடியவர்கள் அல்லர் என்பது கவனிக்கத்தக்கது.

1969 ஆகஸ்ட் 9 அதிகாலையில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், நிறைமாதக் கர்ப்பிணியான நடிகை ஷாரன் டேட் உட்பட ஐவர் கொல்லப்பட்டனர். அடுத்த இரவு லபியாங்கா தம்பதியர் கொல்லப்பட்டனர். ஏவியவன் மேன்சன், வெட்டிய கைகளில் சீடர்களின் கைகளே இருந்தன. 1971 ஜனவரியில் மேன்சனுடன் சூசன் அட்கின்ஸ், கிரென்விங்கல், வான் ஹூட்டன் ஆகிய மூன்று பெண்களும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. மரண தண்டனை 1972ல் ஆயுள் தண்டனையாக மாறியது. அட்கின்ஸ் 2009லும் மேன்சன் 2017லும் கைதிகளாகவே இறந்தனர். கொலை நடந்தபோது 19 வயதாயிருந்த வான் ஹூட்டன் 2023ல் பரோலில் வெளிவந்தபோது அவருக்கு வயது 73.

இனி மஸ்அலாவுக்கு வருவோம். அன்ஸாரித் தோழர் ஒருவரின் தலைமையில் நபி (ஸல்) அவர்கள் ஒரு படையை அனுப்பி, அவருக்குக் கீழ்ப்படியுமாறு பணித்தார்கள். வழியில் கோபமுற்ற அத்தலைவர், தீ மூட்டி அதில் இறங்குமாறு தம் வீரர்களுக்கு உத்தரவிட்டார். சிலர் இறங்கவும் துணிந்தனர். மற்றவர்களோ, நரக நெருப்புக்குப் பயந்துதானே நபியவர்களிடம் ஓடி வந்தோம் என்று தயங்கினர். அதற்குள் தீயும் அணைந்தது, கோபமும் தணிந்தது. செய்தி அறிந்த நபி (ஸல்) அவர்கள், அதில் இறங்கியிருந்தால் அதிலிருந்து மீண்டிருக்கவே மாட்டார்கள் என்றும், கீழ்ப்படிதல் நன்மையில் மட்டுமே என்றும் விளக்கினார்கள். இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. நபியவர்களே நியமித்த தலைவருக்கே இந்த எல்லை என்றால், தானாக முளைத்த குருவுக்கு என்ன உரிமை?

உயிருக்கு அஞ்சும்படி நிர்ப்பந்திக்கப்பட்டாலும் (இக்ராஹ்) நிரபராதியைக் கொல்வது ஆகாது என்பதில் இமாம்கள் ஒன்றுபட்டுள்ளனர். நிர்ப்பந்தித்தவன், செய்தவன் இருவர் மீதும் கிஸாஸ் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. நிர்ப்பந்தித்தவன் மீது மட்டும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் சொல். ஆயினும் செய்தவன் பாவி என்பதில் இருவரிடமும் கருத்து வேற்றுமை இல்லை. அப்பெண்களின் இளவயதும் மேன்சனின் கொடுமையும் பிற்காலப் பரோல் விசாரணைகளில் கருதப்பட்டன. அவை இரக்கத்துக்குக் காரணமாகலாம். கொலையைக் கொலை அல்லாததாக ஆக்கமாட்டா.

மறுப்பதற்கு வழி இருந்ததா? இருந்தது. கூடச் சென்ற லிண்டா கசாபியன், ஒரு நடிகரின் வீட்டைக் காட்டும்படி ஏவப்பட்டபோது வேண்டுமென்றே வேறு வீட்டுக் கதவைத் தட்டியதாகச் சாட்சியம் கூறினார். அவரும் குற்றமற்றவர் அல்லர். முந்திய இரவு காவல் நின்றவர்தாம். ஆனால் அந்த ஒரு மறுப்பு ஓர் உயிரைக் காத்தது.

ஆகவே பெற்றோரே! பணிவை மட்டும் பிள்ளைகளுக்குக் கற்பித்தால் போதாது. சிறப்பாகப் பெண்மக்களுக்கு, பாவத்தை ஏவுபவர் ஷைகாயினும் கணவராயினும் நாமே ஆயினும், "முடியாது" என்று சொல்லும் கடமையையும் கற்பியுங்கள். குடும்பத்தைத் துண்டிக்கச் சொல்பவன், கேள்வி கேட்கத் தடுப்பவன், தன் சொல்லையே மார்க்கமாக்குபவன் ஆகியோரை அடையாளம் காட்டுங்கள். மறுமையில் ஒருவர் சுமையை மற்றவர் சுமக்கமாட்டார்.

அல்லாஹ் நம் மக்களைக் காப்பானாக! ஆமீன்.