பிரிந்து இருக்கிறோம், அமெரிக்க விசா நேர்காணலுக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு 2022-ல் திருமணம். ஊர்க் கோயிலில் தாலி கட்டி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்தோம். கணவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற தமிழர், டெக்சாஸில் வேலை. அவர் எனக்காகப் போட்ட ஐ-130 மனு ஏற்கப்பட்டுவிட்டது. அதற்குள் என் நகைகளை விற்ற விஷயத்தில் பெரிய தகராறு வந்து, நான் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர் கடைசியாக ஊருக்கு வந்தபோது பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, ‘தற்சமயம் தனித்தனியே வாழ்வது’ என்று 20 ரூபாய் பத்திரத்தில் இருவரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். இப்போது விசா மையத்திலிருந்து ஆவணங்கள் கேட்டு மெயில் வருகிறது. அக்கா வீட்டுக்காரர், “சண்டையைப் பற்றி மூச்சு விடாதே, விசாவை வாங்கிக்கொண்டு போய்ச் சேர்” என்கிறார். கணவரின் வக்கீல், பரஸ்பர சம்மத விவாகரத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார். நான் என்ன செய்வது?

- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: கணவரோடு சேர்ந்து வாழவில்லை என்ற ஒரே காரணத்துக்காக உங்கள் மனுவைத் தள்ள அமெரிக்கச் சட்டத்தில் இடமில்லை. பிரிட்டன் என்றால் நான் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். அங்கே விண்ணப்பிக்கும் நாளில் உறவு நீடிக்க வேண்டும், இனியும் சேர்ந்து வாழும் எண்ணம் இருக்க வேண்டும். அமெரிக்கா முதலில் பார்ப்பது, தாலி கட்டிய அன்று இருவருக்கும் குடும்பம் நடத்தும் எண்ணம் இருந்ததா என்பதை. 1975-ல் பார்க் என்ற கொரியர் ஒருவரின் வழக்கில் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பிற்பாடு பிரிந்தார்கள் என்பதை மட்டும் வைத்து, அது விசாவுக்காகச் செய்த கல்யாணம் என்று முடிவு கட்டக்கூடாது. பிரிவு என்பது அன்றைய எண்ணத்தை அறிய உதவும் ஒரு சாட்சியம், அவ்வளவுதான். 1980-ல் குடிவரவு மேல்முறையீட்டு வாரியமும் மெக்கீ வழக்கில் அதே வழியில் போனது.

ஆனால் அதே 1980-ல் அதே வாரியம் லெனிங் வழக்கில் ஒரு கோடும் கிழித்தது. மனம் ஒப்பாமல் விலகி இருப்பது வேறு, சட்டப்படி பிரிந்துவிடுவது வேறு. சட்டப்படி பிரிந்தவர், விவாகரத்து ஆகாவிட்டாலும், விசாவைப் பொறுத்தவரை மனைவி அல்ல.

உங்கள் பத்திரம் எந்தப் பக்கம் விழும்? நம் ஊர்ப் பஞ்சாயத்துகளுக்கு 20 ரூபாய் பத்திரத்தின் மேல் இருக்கும் நம்பிக்கை அபாரமானது. சட்டத்துக்கு அந்த நம்பிக்கை இல்லை. அது விவாகரத்தும் ஆகாது, நீதிமன்றம் தரும் பிரிந்து வாழும் தீர்ப்பும் ஆகாது. ‘தற்சமயம்’ என்ற சொல் அதில் இருப்பது உங்களுக்கு நல்லது. எதற்கும் பத்திரத்தை மறுபடி முழுதாகப் படியுங்கள். ‘சாதி வழக்கப்படி தீர்த்துக்கொண்டோம்’, ‘இனி ஒருவர் மேல் ஒருவருக்குப் பாத்தியதை இல்லை’ என்ற வகையில் ஏதாவது எழுதியிருந்தால் கதை மாறும். நிரூபிக்கக்கூடிய வழக்காறு இருக்கும் சமூகங்களில் வழக்காற்று மணமுறிவை இந்து திருமணச் சட்டத்தின் 29-வது பிரிவு காப்பாற்றுகிறது. அப்படி ஒரு வரி இருந்தால், பத்திரத்தை ஒரு வக்கீலிடம் காட்டாமல் அடுத்த அடி வைக்காதீர்கள்.

அடுத்து, கணவரின் வக்கீல் நீட்டும் காகிதம். பரஸ்பர விவாகரத்து மனு 13-பி பிரிவின் கீழ் வருவது. ஓராண்டுக்கு மேல் பிரிந்து வாழ்கிறோம், சேர்ந்து வாழ முடியவில்லை, மணத்தை முடித்துக்கொள்ள ஒப்புக்கொண்டோம் என்று இருவரும் உறுதிமொழியோடு சொல்ல வேண்டும். அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மும்பைத் துணைத் தூதரகத்தில் மனைவி என்ற உரிமையில் போய் நிற்க முடியாது. 10-வது பிரிவின் கீழ் நீதிமன்றப் பிரிவு கேட்டாலும் இதே கதிதான். விவாகரத்துத் தீர்ப்பு வந்துவிட்டால், ஏற்கப்பட்ட ஐ-130 தானாகவே ரத்தாகும். பாஸ்போர்ட்டில் விசா குத்தியிருந்தாலும் அமெரிக்க விமான நிலையத்தில் இறங்கும் நாளில் நீங்கள் அவர் மனைவியாக இருந்தாக வேண்டும்.

அவர் இங்கே வந்துதான் வழக்குப் போட வேண்டும் என்பதும் இல்லை. டெக்சாஸில் ஆறு மாதமும், குறிப்பிட்ட கவுண்டியில் 90 நாளும் குடியிருந்தவர் அங்கேயே விவாகரத்து மனு போடலாம். நீங்கள் ஒப்புக்கொள்ளாமலும் கலந்துகொள்ளாமலும் வாங்கிய அத்தகைய தீர்ப்பு பொதுவாக இங்கே செல்லாது. 1991-ல் நரசிம்ம ராவ் - வெங்கட லட்சுமி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன சட்டம் அது. ஆனால் டெக்சாஸ் தீர்ப்பு அமெரிக்காவில் செல்லும். ஆக திண்டுக்கல்லில் நீங்கள் அவர் மனைவி, விசா அதிகாரியின் மேஜையில் இல்லை என்ற விசித்திரமான நிலை வரலாம். அங்கிருந்து சம்மன் வந்தால் கிழித்துப் போடாதீர்கள். பதில் போடுமுன் ஆலோசனை கேளுங்கள். போடும் பதிலாலேயே நீங்கள் அந்த நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டதாக ஆகிவிடலாம்.

இத்தனைக்கும் மேலே, உங்கள் விசாவின் கடிவாளம் கணவர் கையில் இருக்கிறது. ஐ-130 அவருடைய மனு. எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். அடுத்த கட்டத்தில் ஐ-864 என்ற ஆதரவுப் பிரமாணத்தில் அவர்தான் கையெழுத்திட வேண்டும். வறுமைக்கோட்டு வருமானத்தில் 125 சதவீத அளவுக்கு உங்களைத் தாங்குவேன் என்று அமெரிக்க அரசுக்கு எழுதிக் கொடுப்பது அது. நீங்கள் குடியுரிமை பெறும்வரை, அல்லது சுமார் 10 ஆண்டு வேலைக்குச் சமமான 40 காலாண்டுகள் உங்கள் கணக்கில் சேரும்வரை, அல்லது அந்த நாட்டை விட்டே போகும்வரை அது அவரைக் கட்டும். விவாகரத்தானாலும் விடாது. அவருடைய வக்கீல் அவசரப்படுவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். எந்த நீதிமன்றமும் இந்தக் கையெழுத்தை அவரிடம் வாங்கித் தராது; சேர்ந்து வாழக் கோரி இந்து திருமணச் சட்டத்தின் 9-வது பிரிவில் தீர்ப்பு வாங்கி வந்தாலும்.

உங்கள் அக்கா வீட்டுக்காரருக்கு நல்ல மனசு, யோசனைதான் மோசம். பிரிந்திருந்தும் ஒன்றாக இருப்பதாகச் சொல்லி மாட்டினால், பொய்த்தகவல் தந்த குற்றத்துக்கு வாழ்நாள் தடை. விலக்கு வாங்குவது பெரும்பாடு. கல்யாணமே போலி என்று எழுதிவிட்டார்கள் என்றால் இன்னும் மோசம்: நாளை உங்கள் தம்பியோ, ஒரு கம்பெனியோ உங்களுக்காகப் போடும் எந்த மனுவும் ஏறாது. உண்மையான கல்யாணம் செய்தவர் ஒரு பொய்யால் அந்தப் பட்டியலில் போய் உட்காரத் தேவையில்லை. நேர்காணலில் கேட்டால், “சண்டை, தனியாக இருக்கிறோம், விவாகரத்து ஆகவில்லை” என்று சொல்லுங்கள். அமெரிக்க முகவரி கேட்டால் எங்கே தங்கப் போகிறீர்களோ அதைச் சொல்லுங்கள். அதிகாரி சந்தேகப்பட்டு மனுவைத் திருப்பி அனுப்பலாம். அதற்குப் பதில் சொல்ல, அழைப்பிதழ், பதிவுச் சான்று, சேர்ந்து இருந்த நாட்களின் பயணச்சீட்டு, பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் இப்போதே எடுத்து வையுங்கள்.

நகை விவகாரத்தை விசாவோடு முடிச்சுப் போடாதீர்கள். அது உங்கள் சீதனம். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-ன் 19(8) பிரிவில் அதைத் திருப்பித் தரச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். ஜீவனாம்சத்துக்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு இப்போது அதன் இடத்தில் வந்த புதிய சட்டத்தில் 144-வது பிரிவு. இரண்டுக்கும் விவாகரத்து தேவையில்லை, விசா முடிவும் தேவையில்லை.

இந்த வாரம் முதலில் செய்ய வேண்டியது இது. கணவருக்கு மெயில் அனுப்பி, ஐ-864-ல் கையெழுத்திடுவாரா, மனுவைத் தொடர்கிறாரா என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும். அது வரும்வரை 13-பி காகிதத்தில் கை வைக்காதீர்கள். விசா மையத்தின் மெயிலையும் கிடப்பில் போட வேண்டாம். ஓராண்டு எந்தத் தொடர்பும் இல்லாவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். ஆவணங்கள் தயாராகவில்லை என்றாலும் ஒரு வரி பதில் போட்டு, அதன் நகலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.