சிற்பம் கண்டு பேசப் பழகுதல்

திருவிழாவிற்கு வரும் குடும்பங்களில் பேசக் கூசும் பிள்ளை ஒன்றேனும் இருத்தல் கூடும். எழுதச் சொன்னால் பிழையின்றி எழுதும். நால்வர் முன்னிலையில் நா எழாது. இக்குறையை இளமையிலேயே களையாவிடில், பிற்காலத்தில் அலுவலகத்தில் தன் வழக்கை எடுத்துரைக்கவும், மருத்துவரிடம் தன் நோயைச் சொல்லவும் பிறர் துணையை நாட நேரும். "பேசு, பேசு" என்று வற்புறுத்துவதால் பயனில்லை. பேசுவதற்குப் பொருள் வேண்டும். கண்ணெதிரே நிற்கும் சிற்பம் அப்பொருளைத் தருகின்றது.

இது புதிய வழியன்று. ஸ்ரீவிஷ்ணுதர்மோத்தர புராணத்தின் மூன்றாம் காண்டத்தில், வஜ்ரன் என்னும் அரசன் விக்ரஹ லக்ஷணத்தை உபதேசிக்குமாறு மார்க்கண்டேய மஹரிஷியை வேண்டுகிறான். சித்திரம் அறியாதவன் அதனை அறியான் என்கிறார் ரிஷி. சித்திரத்திற்கு நாட்டியமும், நாட்டியத்திற்கு வாத்தியமும், வாத்தியத்திற்குக் கீதமும் வேண்டும் என்று வினாவும் விடையுமாகவே கலைநூல் வளர்கிறது. மேனாட்டில் கொமேனியஸ் என்னும் ஆசிரியர், படத்தைக் கண்டு மொழி பயிலும் பாடநூலொன்றை 1658-ஆம் ஆண்டில் நூரெம்பர்க் நகரில் வெளியிட்டார்.

மதுரை கே.கே. நகரில் வாழ்வோர்க்கு இதற்குரிய பள்ளிகள் அண்மையிலேயே உள்ளன.

முதற்பாடம் கூடலழகர் ஸந்நிதி. அஷ்டாங்க விமானத்தின் கீழ்த்தளத்தில் எம்பெருமான் வீற்றிருக்கிறார், நடுத்தளத்தில் நிற்கிறார், மேல்தளத்தில் பள்ளிகொண்டிருக்கிறார். ஸேவித்து வெளிவந்த பின், கண்ட மூன்றையும் மூன்று முழு வாக்கியங்களாகச் சொல்லச் செய்க. ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடும் பிள்ளைக்கு இதுவே போதுமான தொடக்கம்.

இரண்டாம் பாடம் அழகர்கோயில் கல்யாண மண்டபம். நாயக்கர் காலத்துத் தூணில் ஹிரண்யனை வதைக்கும் நரசிம்ஹரின் முன் உரையாடல் இவ்வாறு செல்லலாம்:

"குழந்தாய், இங்கே என்ன நடக்கிறது?"

"சண்டை, தாத்தா."

"எதைக் கண்டு சண்டை என்கிறாய்?"

"ஒருவனை மடியில் கிடத்தியிருக்கிறார். அவன் வயிற்றில் கை வைத்திருக்கிறார்."

"இன்னும் என்ன தெரிகிறது?"

"முகம் சிங்கம் போல இருக்கிறது. அதனால் இவர் நரசிம்ஹர்."

முதல் விடை ஒரே சொல். இறுதி விடையிலோ "அதனால்" என்னும் சொல் வந்துவிட்டது. கண்டதைக் கூறிய பிள்ளை, காரணமும் கூறத் தொடங்கியது. சபையிற் பேசுவதற்கு வேர் இதுவே. பெரியவர் கதை முழுவதையும் தாமே சொல்லியிருப்பின் பிள்ளை தலையை மட்டும் அசைத்திருக்கும்.

மூன்றாம் பாடம் அங்குள்ள வஸந்த மண்டபம். இராமாயணக் காட்சிகள் அதில் ஓவியங்களாகத் தீட்டப்பட்டுள்ளன. ஒரு காட்சியை ஒருவர் சொல்ல, அடுத்ததை அடுத்தவர் தொடர்க. "அப்போது", "பிறகு", "ஆனாலும்" ஆகிய சொற்கள் தாமே நாவில் வந்து அமரும். தன் முறைக்காகக் காத்திருக்கும் பிள்ளை, பிறர் சொல்வதைச் செவிமடுக்கவும் கற்கிறது. பேச்சில் பாதி கேட்டல் அன்றோ?

பெரியோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. "ஆம்", "இல்லை" என்று முடியும் வினாக்களைத் தவிர்க்க. வினவிய பின் பொறுத்திருக்க. மௌனத்தில்தான் பிள்ளை சொல்லைத் தேடுகிறது. பிழையாகச் சொன்னால் நகையாது, அதே கருத்தைத் திருத்தமான வாக்கியத்தில் திரும்பச் சொல்லுக. சங்கைச் சக்கரமென்று கூறினால், "எங்கே, வடிவத்தைச் சொல்" என்று மறுமுறை நோக்கச் செய்க. இரு பிள்ளைகள் மாறுபட்டால் இருவரும் தத்தம் காரணத்தைச் சிலையிலேயே காட்டட்டும். சினமின்றி மறுத்துரைக்கும் பண்பு அவ்வாறு அமையும்.

மூலஸ்தானத்தில் ஸேவை மட்டுமே உரியது. உரையாடல் மண்டபத்திற்கு உரியது. தூண்களைத் தொடுதலும், எண்ணெயும் குங்குமமும் பூசுதலும் சிற்பத்தின் நுட்பத்தை மழுக்கும். அடுத்து வரும் பிள்ளைக்குக் காண ஏதும் எஞ்சாது.

ஒரு நாளைக்கு ஒரு தூண், கால் நாழிகைப் பொழுது போதும். வீடு திரும்பியதும், கோயிலுக்கு வர இயலாத பாட்டியிடம் அத்தூணைப் பிள்ளை வர்ணிக்கட்டும். பாட்டி காணாததைக் காணச் செய்யும் பொறுப்பு தன்னுடையது என்று உணர்ந்த பிள்ளைக்குக் கூச்சம் மெல்ல விலகும்.