ஆடும் பிளேடும் அழுகிய நிலைக்காலும்

தூத்துக்குடியின் உப்புக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. கீல் இறுகிப்போகும், ஜன்னல் கம்பி அடியில் அரித்துவிடும், ஆணி மரத்துக்குள்ளேயே துருவேறிப் பருத்து மரத்தைப் பிளக்கும். இந்த ஊரில் ஆசாரி வேலையில் பாதி, முன்பு ஒருவர் செய்து வைத்ததைச் செப்பனிடும் வேலைதான். உளியும் கைவாளுமாகவே காலம் தள்ளிய நான் மல்டி டூலைக் கையில் எடுத்தது பிந்தித்தான். தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிமார்கள் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம் என்று இதை எழுதுகிறேன்.

1. இந்த மிஷினில் பிளேடு சுழலாது, ஆடும். இடமும் வலமுமாகச் சுமார் 3 டிகிரிதான் அசைவு. ஆனால் நிமிடத்துக்கு 10,000 முதல் 20,000 தடவை. கண்ணுக்கு வெறும் நடுக்கமாகத்தான் தெரியும். எலும்பு முறிந்தவருக்குப் போட்ட மாவுக்கட்டை வெட்டும் ரம்பத்தின் வம்சம் இது. ஜெர்மனியின் ஃபைன் நிறுவனம் 1967ல் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தது. கெட்டியான மாவுக்கட்டு அசையாமல் நிற்பதால் வெட்டுப்படும், மெத்தென்ற தோல் பிளேடோடு சேர்ந்து ஆடிக்கொடுக்கும். அந்த ஆட்டத்தைத்தான் பிறகு மர வேலைக்கும் கட்டட வேலைக்கும் பழக்கினார்கள். இதைக் கேட்டுவிட்டு விரலை வைத்துப் பார்க்காதே, தம்பி. மரம் வெட்டும் பிளேடின் பல் சதையைக் கிழிக்கும். வெட்டி முடித்த பிளேடு தொட்டாலே சுடும்.

2. புதிதாக மேஜை செய்ய இது வேண்டாம். பலகையை நீளமாக அறுக்க சர்க்குலர் ரம்பம் இருக்கிறது, இரும்புக் கம்பியை வரிசையாக வெட்ட கிரைண்டர் இருக்கிறது. பொருத்தி முடிந்து அசைக்க முடியாமல் நிற்கும் ஒன்றில், கெட்ட பாகத்தை மட்டும் எடுக்க வேண்டுமா, அப்போது இதை எடு. நம் ஊர்க் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 1973ல் சிப்பிக்குள் முத்து வளர்த்துக் காட்டினார்கள். உயிருள்ள சிப்பியில் சின்னதாகக் கீறி, கருவை உள்ளே வைத்து, சிப்பி சாகாமல் கடலுக்குள் திருப்பி விடுகிற வேலை அது. பழுது பார்க்கப் போகும் வீட்டில் எனக்கு அந்தக் கைப்பக்குவம்தான் நினைவுக்கு வரும்.

3. கதவு நிலையைச் சொல்கிறேன், பொறுமையாகக் கேள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குப் பெய்தது. ஊருக்குள் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. அது வடிந்த பிறகு வீடு வீடாக ஒரே புகார்: கதவு சாத்த முடியவில்லை, நிலைக்கால் அடியில் ஊறி உளுத்துவிட்டது. நிலையையே பெயர்த்தால் சுவர் உடையும், பூச்சு போகும், டைல்ஸ் போகும். கெட்டது அடியில் ஒரு முழம்தான்.

முதலில் காயவிடு, ஈர மரத்தில் அளவு பொய் சொல்லும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் கீழிருந்து குத்திக்கொண்டே மேலே வா. எங்கே முனை இறங்க மறுக்கிறதோ, அதற்கும் மூன்று விரல் மேலே மூலைமட்டம் வைத்துக் கோடு போடு. வெளிப்பக்கம் சற்றே தாழும்படி சாய்வாக வெட்டினால் இணைப்பில் தண்ணீர் தங்காது. நாலுக்கு மூன்று அங்குல நிலையை ஒரே குத்தில் கடக்கும் நீளம் சாதாரண பிளேடுக்குக் கிடையாது. முன்னால், பக்கத்தில், பின்னால் என்று எட்டுகிற பக்கமெல்லாம் வெட்டிவிட்டு, நடுவில் மிஞ்சுவதை உளியால் எடு. சுவருக்குள் போகும் இரும்புக் கிளாம்பு குறுக்கே வந்தால் அதோடு மல்லுக்கட்டாதே, கோட்டை அதற்கு மேலேயோ கீழேயோ மாற்று. புதுத் துண்டின் அடிமுனைக்கு இரண்டு கை பிரைமர் அடித்த பிறகே எபாக்ஸியும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகும் வைத்துப் பொருத்து. சாதா இரும்புத் திருகு இந்த ஊரில் நிலைக்காது.

4. அழுத்தாதே. புதிதாகப் பிடிப்பவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு இதுதான். அழுத்தினால் ஆட்டம் குறைந்து உரசல்தான் மிஞ்சும். புகை வரும், பல் கருகும், பத்து நிமிஷத்தில் பிளேடு போய்விடும். பிளேடின் ஒரு மூலையை மட்டும் முதலில் மரத்தில் தொட வை, பள்ளம் விழுந்ததும் முழு வாயையும் இறக்கு, பிறகு மெல்ல இடமும் வலமும் நகர்த்தித் தூளை வெளியே விடு. சத்தம் சீராக இருந்தால் வேலை சரியாக நடக்கிறது. முனகல் கேட்டால் கையைத் தளர்த்து.

5. ஆணியே இல்லாத புது மரத்துக்குக் கார்பன் ஸ்டீல் பிளேடு போதும். ஆணி இருக்கலாம் என்றால் பை-மெட்டல். இந்த ஊர்ப் பழைய மரம் எதிலும் ஆணி இருக்கிறது என்றே வைத்துக்கொள். கெட்டி இரும்புக்குக் கார்பைடு பல், டைல்ஸ் இடுக்கு குரௌட்டுக்குக் கார்பைடு பொடி ஒட்டிய அரைவட்ட பிளேடு. ஸ்டார்லாக் வாய் உள்ள மிஷினில் பழைய தட்டை வாய் பிளேடு உட்காராது, கடைக்குப் போகும்போது மிஷினையும் எடுத்துக்கொண்டு போ.

6. சுவருக்குள் என்ன ஓடுகிறது என்று தெரியாமல் குத்தாதே. ஒரு வீட்டில் சமையலறை அலமாரியின் முதுகுப் பலகையில் சுவிட்ச் பாக்ஸுக்கு ஓட்டை போட்டேன். பலகை அரை அங்குலம்தான். நான் முக்கால் அங்குலம் இறக்கிவிட்டேன். பின்னால் தண்ணீர்க் குழாய். வீட்டுக்கார அம்மா மாவு, அரிசி, மளிகை எல்லாவற்றையும் அள்ளி ஓடியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. குழாய்க்குப் பதில் ஒயராக இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். அன்றிலிருந்து பிளேடில் ஆழத்துக்குக் கலர் டேப் சுற்றாமல் தொடுவதில்லை. மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பேன்.

7. பழைய தரைமேல் புது டைல்ஸ் ஒட்டும் வீட்டில் கொத்தனார் உன்னைக் கூப்பிடுவார். நிலையைச் சுற்றி டைல்ஸை வெட்டி வளைக்க விடாதே. ஒரு துண்டு டைல்ஸைக் கவிழ்த்துத் தரையில் வை, பசைக்காக ஒரு அட்டையையும் அடியில் கொடு. அதன்மேல் பிளேடைப் படுக்கவைத்து நிலைக்காலின் அடியை அறுத்துவிடு. டைல்ஸ் அதற்குள் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும், பூச வேண்டிய இடைவெளியே இருக்காது.

8. தெரேஸ்புரம் பக்கம் ஃபைபர் படகு வேலை வந்தால் இதை எடுத்துப் போ. மேல் ஃபைபரைச் சதுரமாகத் திறந்து, உள்ளே ஊறிய பிளைவுட்டை எடுத்துவிட்டு, அதே மூடியை வைத்து மறுபடி ஒட்டலாம். டீசலும் வலையும் கிடக்கும் இடத்தில் கிரைண்டர் பொறி பெரிய ஆபத்து. இதில் பொறி குறைவு, அறவே இல்லை என்று எண்ணாதே. ஃபைபரை வெட்டும்போது பறக்கும் கண்ணாடி இழைத் தூள் நெஞ்சுக்குக் கெடுதல். துணி கட்டினால் போதாது, தூள் வடிக்கும் நல்ல மாஸ்க் போடு. தோணியில் பலகை இடுக்கின் பழைய அடைப்பைச் சுரண்டவும் இது உதவும். ஆனால் பக்கத்தில் தோணி கட்டும் ஓடாவி நின்று, எவ்வளவு ஆழம் என்று சொல்லட்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையை மட்டும் யார் கேட்டாலும் இதைக் கொண்டு வெட்டாதே.

9. வேலை முடிந்ததும் பிளேடைக் கழற்று. வாய்ப்பகுதியை உலர்ந்த துணியால் துடைத்து, துணியில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுத் தடவு. காற்றுத் துளைகளில் தங்கிய தூளை ஊதிவிடு. பேட்டரியைப் பட்டறைத் திண்ணையில் கடல் காற்றுக்கு வைக்காதே, முனையில் பச்சை பூத்துவிடும். மூடியுள்ள டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போ. ஒயர் மிஷின் என்றால் சத்தம் மாறும்போதே கார்பன் பிரஷைப் பார்த்துவிடு. முதல் கூலியில் முப்பது பிளேடு செட் வாங்க வேண்டாம். பை-மெட்டல் இரண்டு, அரைவட்ட கார்பைடு ஒன்று. மீதியை, கேட்கிற வேலை வரும்போது வாங்கிக்கொள்.